கீழடிக்குப் போனால் கூரை ஓடுகளைத் தவறவிடாதீர்கள்

மானாமதுரையிலிருந்து மதுரைக்கு வாரத்தில் ஒரு நாளாவது பஸ் ஏறுகிறவன் நான். திருப்புவனம் தாண்டிக் கொஞ்ச நேரத்தில் 'கீழடி விலக்கு' என்று கண்டக்டர் குரல் கொடுப்பார். நாலைந்து பேர் இறங்குவார்கள், விசில் ஊதும், பஸ் கிளம்பிவிடும். அருங்காட்சியகம் திறந்தது 2023 மார்ச் 5ஆம் தேதி. அன்றிலிருந்து அந்த விலக்கை எத்தனை தடவை கடந்திருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை. இறங்கியதுதான் இல்லை.

போகாததற்குக் காரணம் இருந்தது. நாங்கள் பரம்பரையாகப் பானை செய்கிறவர்கள். பல வருடங்களுக்கு முன் வேறொரு ஊரில் ஒரு அருங்காட்சியகத்துக்குப் போயிருந்தேன். ஊர்ப் பெயர் வேண்டாம். ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் கைப்பிடி அளவு ஓடுகளைக் கொட்டி வைத்து, 'பானை ஓடுகள், பழமையானவை' என்று ஒரு அட்டை எழுதிச் சாய்த்து வைத்திருந்தார்கள். மேலே ட்யூப்லைட் விட்டு விட்டு எரிந்துகொண்டிருந்தது. எது வாய், எது கழுத்து, எது அடி என்றுகூடப் பிரித்து வைக்கவில்லை. சூளை பிரித்த மறுநாள் எங்கள் கொல்லையில் இதைவிட ஒழுங்காகக் குவித்து வைப்போம். அன்றைக்கு விழுந்த சலிப்பு, கீழடி விலக்கிலும் என்னை இறங்கவிடாமல் செய்துவிட்டது.

இந்த முறை இறங்க வைத்தவள் என் மகள். ஒன்பதாம் வகுப்பு. பள்ளியில் கட்டுரை எழுதி வரச் சொல்லியிருந்தார்கள். அவள் போனால் அப்பத்தாவும் வர வேண்டும் என்று அடம்பிடித்தாள். என் ஆத்தாவுக்கு 76 வயது. முழங்கால் வலி உண்டு. ஆனால் இன்றைக்கும் பலகையும் கல்லும் எடுத்தால் ஒரு நாளைக்குப் பத்துப் பானை தட்டி அடியை மூடிவிடுவாள். 'பானையைப் பார்க்க பஸ் ஏறிப் போக வேண்டுமா? கண்ணை மூடினால் பானைதானே தெரிகிறது' என்று முனகிக்கொண்டேதான் கிளம்பினாள்.

பெரியவர்களுக்கு 15 ரூபாய் டிக்கெட். விலக்கிலிருந்து ஆட்டோவுக்குக் கொடுத்தது அதைவிடப் பல மடங்கு. கார் வைத்திருப்பவர்களுக்குக் கவலையில்லை. பஸ்ஸில் வருகிறவர்கள் கையில் வயதானவர்கள் இருந்தால் ஆட்டோவுக்கும் சேர்த்துக் காசு எடுத்துக்கொள்ளுங்கள். வெயிலில் அந்தச் சாலையில் நடப்பது சுகமில்லை.

கட்டடத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். 18 கோடி ரூபாய்க்கு மேல் செலவழித்து, செட்டிநாட்டு வீட்டு முறையில் கட்டியிருக்கிறார்கள். நடுவில் முற்றம், சுற்றிலும் தாழ்வாரம், தூண்கள், மேலே ஓடு, காலடியில் ஆத்தங்குடிக் கல். தொல்பொருளைக் கொண்டுபோய் விமான நிலையம் போன்ற கண்ணாடிக் கட்டடத்தில் வைக்காமல், நம் பக்கத்து வீடு மாதிரி கட்டினார்களே, அதற்கே ஒரு வணக்கம். வெளியே வெயில் கொளுத்தும்போது தாழ்வாரத்தில் நின்றால் காற்று வருகிறது. ஆத்தா செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு தரையை மிதித்துப் பார்த்தாள். 'இது சூளை காணாத கல்' என்றாள். உண்மைதான். ஆத்தங்குடிக் கல்லை நெருப்பில் சுடுவதில்லை. சிமெண்டும் மணலும் வண்ணமும் சேர்த்துக் கண்ணாடிமேல் வார்த்து, தண்ணீரில் ஊறவைத்துக் காயவைப்பதுதான். ஆக, சுட்ட மண்ணைப் பார்க்கச் சுடாத கல்லின்மேல் நடந்து போகிறோம்.

தொடக்கத்தில் ஒளி-ஒலிக் காட்சி ஒன்று காட்டுகிறார்கள். உட்கார்ந்து பாருங்கள், வரலாறு தெரியாமல் வந்தவர்களுக்கு அது போதும். சுருக்கமாகச் சொன்னால் விஷயம் இதுதான்: மதுரைக்குத் தென்கிழக்கே வைகைக் கரையில், தென்னந்தோப்புகளுக்குக் கீழே, ஏறத்தாழ 110 ஏக்கர் பரப்பில் ஒரு மேடு. 2014-15இல் இந்தியத் தொல்லியல் துறைக்காக அமர்நாத் இராமகிருஷ்ணன் தலைமையில் தோண்டத் தொடங்கினார்கள். நான்காம் கட்டத்திலிருந்து, அதாவது 2017-18 முதல், தமிழ்நாடு தொல்லியல் துறை எடுத்துக்கொண்டது. அந்த நான்காம் கட்டத்தில் 353 சென்டிமீட்டர் ஆழத்தில் கிடைத்த கரியை அமெரிக்காவில் உள்ள ஆய்வகத்துக்கு அனுப்பியபோது கி.மு. 580 என்று காலம் வந்தது. 2019 செப்டம்பரில் அறிக்கை வெளியான பிறகுதான் எங்கள் பக்கத்து டீக்கடைகளிலெல்லாம் கீழடி பேச்சாகிவிட்டது. பிறகு பக்கத்திலுள்ள கொந்தகை, அகரம், மணலூர் என்று தோண்டும் இடங்கள் விரிந்தன. அங்கெல்லாம் கிடைத்ததைத்தான் இங்கே கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள்.

எனக்குப் பிடித்த விஷயம், பொருளை எடுத்த மண்ணிலேயே வைத்திருப்பது. வைகையில் கிடைத்ததை வைகைக்காரன் 15 ரூபாயில் பார்க்க முடிகிறது. சென்னைக்குப் போய் எழும்பூரில் பார்க்க வேண்டும் என்றிருந்தால் என் ஆத்தா இந்த ஜென்மத்தில் பார்த்திருக்க மாட்டாள்.

உள்ளே ஆறு பிரிவுகள். மதுரையும் கீழடியும், வேளாண்மையும் நீர் மேலாண்மையும், கலம் வனைதல், ஆடையும் அணிகலன்களும், கடல்வழி வணிகம், வாழ்வியல். 'கலம் வனைதல்' என்ற பெயரைப் படித்ததும் எனக்குள் ஏதோ ஒன்று நிமிர்ந்து உட்கார்ந்தது. அரசாங்கக் கட்டடத்தில், அவ்வளவு பெரிய எழுத்தில், எங்கள் வேலையின் பெயரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. 'வனைதல்' என்ற சொல்லே எங்கள் தெருவுக்கு வெளியே செத்துப்போய்விட்டது என்று நினைத்திருந்தேன்.

கூட்டம் எங்கே நிற்கிறது தெரியுமா? எழுத்துப் பொறித்த ஓடுகளுக்கு முன்னால். நியாயம்தான். நான்காம் கட்ட அகழ்வாய்வில் மட்டும் தமிழி என்னும் பழைய தமிழ் எழுத்துள்ள ஓடுகள் 56 கிடைத்தன. 'ஆதன்', 'குவிரன் ஆதன்' என்று பெயர்கள். இரண்டாயிரம் வருடத்துக்கு மேற்பட்ட பெயரைப் பார்த்தால் யாருக்கும் மயிர்க்கூச்செறியும். என் மகள் நோட்டில் ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்துப் பார்த்து வரைந்தாள்.

நான் வேறொன்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஈரமான பானைமேல் குச்சியால் கோடு இழுத்தால், கோட்டின் இரண்டு பக்கமும் மண் சற்று மேலேறி நிற்கும், உழுத சாலின் ஓரத்தைப் போல. சுட்ட பிறகு கீறினால் அப்படி வராது. ஓரம் பொடிப்பொடியாய்ச் சிதறி, கோடு வெளுத்துத் தெரியும். கை வழுக்கிய இடத்தில் ஒரு சின்னக் கீறல் தனியாக ஓடும். என் கண்ணுக்குப் பட்ட ஓடுகளில் பெரும்பாலும் இந்த இரண்டாவது வகைதான். அப்படியென்றால் ஆதன் பானை செய்தவன் இல்லை; பானையை வாங்கியவன். வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோய், இது என்னுடையது, யாரும் எடுக்காதே என்று ஆணியாலோ எதனாலோ கீறி வைத்திருக்கிறான். பாத்திரக்கடையில் எவர்சில்வர் குடத்துக்குப் பெயர் வெட்டி வாங்குகிறோமே, அதே புத்தி. செய்தவனின் பெயர் எங்கும் இல்லை.

இதை நான் குறையாகச் சொல்லவில்லை. பெயர் இல்லாவிட்டாலும் செய்தவன் அங்கே இருக்கிறான். எங்கே பார்க்க வேண்டும் என்று தெரிந்தால் போதும்.

கறுப்பு-சிவப்புப் பானையிலிருந்து தொடங்குங்கள். உள்பக்கமும் வாயும் கறுப்பு, வெளியே வயிறு சிவப்பு. மகள் அதைப் பார்த்துவிட்டு இரண்டு நிறம் பூசினார்களா என்று கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் ஆத்தா முந்திக்கொண்டாள்: 'பூசுவதா? புகையை அடைத்தால் கறுப்பு, காற்று பட்டால் சிவப்பு. சூளைக்குள் கவிழ்த்து வைத்தால் உள்ளே காற்று எப்படிப் போகும்?' தொல்லியல்காரர்கள் பக்கம் பக்கமாக எழுதுவதும் இதைத்தான். வேலூர் வி.ஐ.டி.யில் சோதித்துப் பார்த்து, சிவப்புக்குக் காரணம் ஹேமடைட் என்னும் இரும்புத் தாது, கறுப்புக்குக் காரணம் கரி, சூளையின் வெப்பம் 1,100 டிகிரிவரை போயிருக்கிறது என்று கண்டார்கள். இந்தக் கடைசி விவரம்தான் என்னை அசைத்தது. விறகும் வைக்கோலும் போட்டு அந்தச் சூட்டுக்குக் கொண்டுபோவது விளையாட்டு இல்லை. ஒரு பக்கம் காற்று அடித்தாலே எங்களுக்குப் பாதிச் சூளை வெந்தும் வேகாமலும் போய்விடும். 2020இல் வந்த இன்னொரு ஆய்வு, அந்தக் கறுப்புப் பூச்சுக்குள் கார்பன் நானோ குழாய்கள் இருப்பதாகச் சொன்னது. ஆத்தாவிடம் அதை எப்படி விளக்குவது என்று தெரியாமல், 'கரி ரொம்ப நுணுக்கமாகப் படிந்திருக்கிறதாம்' என்றேன். 'கூழாங்கல்லால் தேய்த்திருப்பார்கள். தேய்க்காமல் இந்தப் பளபளப்பு வராது' என்று அடுத்த பெட்டிக்குப் போய்விட்டாள்.

அடுத்தது, பானைகளின் அடி. கழுத்தைப் பார்த்தால் சக்கரத்தில் சுற்றிய கோடு வட்டமாகத் தெரியும். அடியில் அது இருக்காது. சக்கரத்திலிருந்து அறுத்தெடுக்கும்போது பானைக்கு அடியே கிடையாது. ஒரு நாள் காயவிட்டு, உள்ளே ஒரு கையால் கல்லைக் கொடுத்து, வெளியே பலகையால் தட்டித் தட்டித்தான் அடியை மூட வேண்டும். எங்கள் வீட்டில் சக்கரம் ஆண்களுடையது, தட்டுவது பெண்களுடையது. கடத்துக்கும் அப்படித்தான், மானாமதுரைக் கடத்தின் நாதம் பாதி தட்டுகிற கையில் இருக்கிறது. அருங்காட்சியகத்தில் ஒரு பானை முன்னால் ஆத்தா ரொம்ப நேரம் நின்றாள். என்ன என்று கேட்டேன். 'தட்டியவள் இடக்கைக்காரி' என்றாள். எனக்கு அப்படி ஒன்றும் தெரியவில்லை. அவளோடு வாதாட எனக்குத் தைரியமும் இல்லை.

உறைகிணறு இருக்கிறது. சுடுமண் வளையங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி இறக்கிய கிணறு. பார்க்கிறவர்கள் 'அந்தக் காலத்திலேயே கிணறு' என்று வியந்துவிட்டு நகர்கிறார்கள். ஒரே அளவில், கோணாமல், ஒன்றின்மேல் ஒன்று பொருந்துகிற மாதிரி வளையம் சுட்டெடுப்பது எவ்வளவு பெரிய தலைவலி என்று செய்கிறவனைக் கேளுங்கள். மண் காயும்போது சுருங்கும், சூளையில் இன்னும் சுருங்கும். எவ்வளவு சுருங்கும் என்று கையில் கணக்கு இருந்தால்தான் வளையம் வளையத்தின்மேல் உட்காரும்.

தாழியும் அப்படித்தான். கொந்தகை, கீழடிக்காரர்கள் இறந்தவர்களைப் புதைத்த இடம். அவ்வளவு பெரிய தாழியைச் சக்கரத்தில் வைத்துச் செய்ய முடியாது. அடியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக மண்ணை ஏற்றி, காயவிட்டு, தட்டி, மறுபடி ஏற்ற வேண்டும். சங்கப் பாட்டு ஒன்றில், கணவனை இழந்தவள் குயவனைக் கூப்பிட்டு, வண்டிச் சக்கரத்து ஆரக்காலில் ஒட்டிக்கொண்டு வந்த பல்லிபோல இவனோடு நானும் இவ்வளவு தூரம் வந்துவிட்டேன், தாழியை எனக்கும் சேர்த்து அகலமாகச் செய் என்று கேட்கிறாள். பள்ளியில் படித்தபோது என் தமிழ் ஐயா இதைச் சொல்லி, குயவர் வீட்டுப் பையன் என்று என்னை எழுந்து நிற்கச் சொன்னார். தாழியின் வாய்க்கு முன்னால் நின்றபோது அது ஞாபகம் வந்தது. அப்படி ஒரு கோரிக்கை வந்தால் அந்தக் குயவன் என்ன பதில் சொல்லியிருப்பான் என்பது பாட்டில் இல்லை. மண் தாங்குமா என்றுதான் முதலில் யோசித்திருப்பான்.

இப்போது கூரை ஓடுகளுக்கு வருகிறேன். இதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன். 'கூரை ஓட்டைப் பார்க்கலாம் வா' என்று மகளை அழைத்தபோது, அவள் தலையை உயர்த்தி, 'எங்கே அப்பா ஓட்டை?' என்று கேட்டாள். சிரித்து முடிக்க ஒரு நிமிடம் ஆனது.

தட்டையான ஓடுகள். ஒரு முனையில் ஆணி அடிக்கத் துளைகள். ஓட்டின்மேல் நீளவாக்கில் பள்ளமான கோடுகள், மழைத் தண்ணீர் வழிந்து ஓடுவதற்காக. அந்தப் பள்ளங்களை எந்தக் கருவியாலும் இழுக்கவில்லை. விரலால் இழுத்திருக்கிறார்கள். ஈர மண்ணில் விரல்களைப் பதித்து, மேலிருந்து கீழாக ஒரே இழுப்பு. கோடு தொடங்குகிற இடத்தில் ஆழம் கூடுதல். போகப் போகக் குறைகிறது. முடிகிற இடத்தில் விரலை எடுத்தபோது மண் லேசாகப் பின்னால் வந்திருக்கிறது. அவசரமாகச் செய்த வேலை. அன்றைக்கு அவன் நூறு ஓடு போட வேண்டியிருந்திருக்கும், நூறாவதை நெருங்கும்போது இழுத்த இழுப்பு இதுவாக இருக்கலாம். எழுத்தைக் கீறியவன் நிதானமாகக் கீறினான், தன் பெயர் என்பதால். இவனுக்கு நேரமில்லை.

ஆத்தா கண்ணாடிக்கு வெளியே தன் மூன்று விரல்களை அந்தக் கோடுகளுக்கு நேராக வைத்துப் பார்த்தாள். பொருந்தவில்லை. அவள் விரல்கள் மெல்லியவை. என்னை வைக்கச் சொன்னாள். வைத்தேன். ஏறக்குறைய சரியாக இருந்தது. 'ஆண்பிள்ளை கை' என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு, முந்தானையால் கண்ணாடியில் எங்கள் விரல் பட்ட இடத்தைத் துடைத்தாள். பக்கத்தில் நின்ற காவலர் ஒன்றும் சொல்லாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். சூதுபவள மணிகள் அழகு. வடக்கேயிருந்து வந்த கல் என்கிறார்கள். தங்க அணிகள் சின்னவை, அவற்றின் முன்னால் மட்டும் பெண்கள் கூட்டம் விலகவே இல்லை. நூல் நூற்கும் தக்களிகள், தந்தத்தில் செய்த பகடைகள் உண்டு. உள்ளே வட்டவட்டமாகப் புள்ளிக்கோலம் போட்ட ஓடுகள், புதுச்சேரிப் பக்கத்துப் பழைய துறைமுகமான அரிக்கமேட்டில் கிடைப்பவை போல, கடல் வணிகத்தைச் சொல்கின்றன. உடைந்த பானை ஓட்டை வட்டமாகத் தேய்த்துச் செய்த சில்லுகளை விட்டுவிடாதீர்கள். பாண்டி ஆடுவதற்கு. எங்கள் தெருப் பிள்ளைகள் எங்கள் சூளைக் கழிவில்தான் சில்லு பொறுக்குவார்கள். வழவழப்பாக வர சிமெண்டுத் திண்ணையில் தேய்ப்பார்கள். என் மகள் மட்டும் போன தலைமுறையோடு அந்த ஆட்டம் போய்விட்டது என்கிறாள்.

தொழில்காரனாக எனக்கு ஒரு ஆசை உண்டு. கண்ணாடிக்குள் இருப்பதைத் தொட முடியாது, தொடவும் கூடாது, சரி. ஆனால் மட்கலம் என்பது கண்ணால் மட்டும் பார்க்கிற பொருள் இல்லை. தூக்கிப் பார்க்க வேண்டும், சுண்டிக் கேட்க வேண்டும். நல்ல சூடு கண்ட பானை சுண்டினால் 'டங்' என்னும், வேகாதது 'சொத்' என்னும். எங்கள் ஊர்க்காரர் ஒருவரை வாரத்துக்கு இரண்டு நாள் இந்த முற்றத்தில் சக்கரத்தோடு உட்காரவைத்து, கறுப்பு-சிவப்பில் நாலு பானை செய்து பிள்ளைகள் கையில் கொடுத்தால், ஆறு பிரிவையும் பார்த்ததற்குச் சமம். 40 கிலோமீட்டர் தூரத்துக்குள் அந்த வேலை இன்னும் உயிரோடு இருக்கிறது. கண்மாயில் ஒரு வண்டி களிமண் அள்ள எத்தனை அலுவலகப் படி ஏறி இறங்க வேண்டியிருக்கிறது என்பதையும் வருகிறவர்களிடம் அவரே சொல்லிக்கொள்வார்.

போகிறவர்களுக்கு: ஞாயிற்றுக்கிழமை வேண்டாம், வேலை நாளில் காலையிலேயே போங்கள். வார விடுமுறை நாள் உண்டு, கிளம்பும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள். இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். ஒரு மணி நேரத்தில் முடித்தவர்கள் செல்ஃபிதான் எடுத்திருப்பார்கள். வயதானவர்களை மெதுவாக நடக்கவிடுங்கள், அவர்கள் நிற்கிற இடத்தில் நீங்களும் நில்லுங்கள். அம்மியையும் தக்களியையும் கையால் தொட்டு வேலை செய்தவர்கள் நம்மைவிட நன்றாகப் பார்க்கிறார்கள்.

ஐந்துக்கு எத்தனை நட்சத்திரம் என்று மகள் கேட்டாள். நாலரை என்றேன். அரை எதற்குக் குறைத்தாய் என்று ஆத்தா கோபித்துக்கொண்டாள். அந்த அரை, சக்கரம் வைத்த அன்றைக்குத் தருவதற்காக.

அகழ்வாய்வுக் குழிகளை அன்றைக்குப் பார்க்கவில்லை. ஆத்தாவுக்கு முழங்கால் ஒத்துழைக்கவில்லை. அடுத்த சூளை பிரித்த மறுநாள் போவதாகப் பேச்சு. இந்த முறை பஸ்ஸுக்கு முன்னால் போய் நிற்கப்போவது அவள்தான்.